சிவப்புக் குடையும் வெள்ளை உருண்டையும்

கைப்பேசியில் யாருக்காவது ஒரு காளான் பொம்மை அனுப்பிப் பாருங்கள். சிவப்புத் தொப்பி, அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள். குழந்தைகளின் படப் புத்தகத்திலும் அதே சிவப்புதான். பேரப்பிள்ளைகள் விளையாடுகிற மாரியோ விளையாட்டிலும் அதே சிவப்பு. நான் 34 வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள். காளான் படம் வரையச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சிவப்புக் கலரைத்தான் தேடுவார்கள். இத்தனைக்கும் எங்கள் மண்டைக்காட்டில் அந்தக் காளானைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஒருவரும் கிடையாது. பார்க்கவும் முடியாது.

ஏன் முடியாது என்பதிலிருந்துதான் ஒரு காளானை அடையாளம் காணும் வேலையே தொடங்குகிறது. போன வாரம் நடந்த ஒரு விஷயத்தால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவைத்துவிட்டு வாங்க.

அந்தச் சிவப்புக் காளானின் பெயர் அமனிடா மஸ்காரியா. மஸ்கா என்றால் லத்தீனில் ஈ. ஐரோப்பாவில் இதைப் பிய்த்துப் பாலில் போட்டு வைப்பார்களாம். குடிக்க வரும் ஈ மயங்கி விழும். 1753-ல் லின்னேயஸ் பெயரிட்டபோதே ஈயைப் பெயரில் வைத்துவிட்டார். குளிர்நாட்டுக் காட்டுக் காளான் இது. பிர்ச், பைன் போன்ற மரங்களின் வேர் நுனியைப் பஞ்சு மாதிரிச் சுற்றிக்கொண்டு வாழும். மண்ணிலிருந்து நீரையும் உப்புகளையும் மரத்துக்குக் கொடுக்கும். மரம் தன் இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கும். மரம் இல்லாமல் இது இல்லை. அதனால்தான் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று வெள்ளைக்காரர்கள் பைன் கொண்டுபோய் நட்ட நாடுகளுக்கெல்லாம் நாற்றின் வேரோடும் மண்ணோடும் இதுவும் கூடவே போய்ச் சேர்ந்தது.

நம் நீலகிரியிலும் இருக்கிறது. அங்கே நட்டிருக்கும் பைன்களில் ஒன்று மெக்சிகோவைச் சேர்ந்த பைனஸ் பட்டூலா. அதன் வேரில் எந்தெந்தக் காளான்கள் ஒட்டி வாழ்கின்றன என்று மோகன், நடராஜன், இங்கில்பி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1993-ல் கட்டுரைகளாக எழுதினார்கள். அந்தப் பட்டியலில் இந்தச் சிவப்பு மஸ்காரியாவும் உண்டு. ஆக, மெக்சிகோ மரத்தடியில், ஐரோப்பியப் படப் புத்தகக் காளான், ஊட்டி மழையில் முளைக்கிறது. தென்னைக்கும் ரப்பருக்கும் இந்த வகை வேர்க்கூட்டு கிடையாது. எனவே நம் தென்னைவிளையில் சிவப்பாக ஏதாவது முளைத்தால் அது வேறு என்னவாகவும் இருக்கலாம், மஸ்காரியாவாக இருக்காது. காளானைப் பார்க்கும் முன் தலையை நிமிர்த்தி மேலே என்ன மரம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி போன வார விஷயம்.

என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் ஊட்டிப் பக்கம் வண்டி ஓட்டுகிறான். பையன் என்கிறேன், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பைன் சருகுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் அந்தச் சிவப்புக் குடை. அழகென்றால் அப்படி ஒரு அழகு. கூடவே குரல் பதிவு: “டீச்சர், படம் காட்டினா பேரு சொல்லுற ஆப்புல போட்டேன், அமனிடான்னு வருது. வெந்நீர்ல ரெண்டு தடவ வேகவச்சு தண்ணியக் கொட்டிட்டா சாப்பிடலாம்னு ஒருத்தர் வீடியோவுல சொல்றாரு. உள்ளதா?”

உடனே கூப்பிட்டேன். “மக்ளே, உள்ளதோ பொய்யோ, நீ தொடாத. எத்தன தண்ணி, எவ்வளவு நேரம், எந்த அளவுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளைகள வச்சிருக்க வீட்டுல சோதனை பண்ண வேண்டாம்.”

அவன் சிரித்தான். “இல்ல டீச்சர், சிவப்ப யாரு திம்பா? இங்க லைன்வீட்டுல இருக்கவங்க சிவப்ப மிதிச்சுட்டுப் போயிருவாங்க. பக்கத்துல உருண்டை உருண்டையா வெள்ளக் காளான் இருக்கும், அதத்தான் பொறுக்குவாங்க. நேத்து எங்க பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கும் ஒரு கிண்ணம் தந்தாங்க. இன்னும் வைக்கல.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த உருண்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கோழிமுட்டை அளவு, வெள்ளை, மேலே சொரசொரப்பாகப் பரு பருவாக இருந்தது.

“கத்தி எடுத்து நடுவுல மேலிருந்து கீழா ரெண்டா வெட்டு. வெட்டின முகத்தப் படம் எடு.”

ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. வெள்ளைத் தோலுக்கு அடியில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு வில் கோடு. அதற்குள்ளே குட்டியாக மடங்கிய தொப்பி, குட்டி இதழ்கள், குட்டித் தண்டு. கருவில் இருக்கும் பிள்ளை மாதிரி முழுக் காளானும் உள்ளே சுருண்டிருந்தது. சிவப்பை மிதித்துவிட்டு அவர்கள் பொறுக்கியது அதே சிவப்பின் குஞ்சைத்தான்.

இதை நிதானமாக விளக்க வேண்டும். அமனிடா இனத்துக் காளான்கள் பிறக்கும்போது முட்டை மாதிரி ஒரு வெள்ளை உறைக்குள் இருக்கும். வளர வளர உறை கிழியும். மஸ்காரியாவில் அந்த உறை துண்டு துண்டாகித் தொப்பி மேல் ஒட்டிக்கொள்ளும். நாம் பொம்மையில் பார்க்கிற வெள்ளைப் புள்ளி அதுதான். தொப்பியின் நிறம் அல்ல, கிழிந்த சட்டையின் துணுக்கு. பலத்த மழையில் அது கழுவிக்கொண்டும் போய்விடும். அப்போது புள்ளி இல்லாத வெறும் சிவப்பாக நிற்கும். வெயில் பட்டால் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகும், மஞ்சளாகவும் ஆகும். ஒரே காளான் முட்டைப் பருவத்தில் வெள்ளை, பிறகு சிவப்பு, வயதானால் ஆரஞ்சு. நிறத்தை வைத்து இதற்கு எப்படிப் பெயர் சொல்வது?

உண்மையிலேயே சாப்பிடக்கூடிய உருண்டைக் காளான் வகை வேறு உண்டு. அதை வெட்டினால் உள்ளே பன்னீர்க் கட்டி போல ஒரே வெள்ளையாக, எந்தப் படமும் இல்லாமல் இருக்கும். உள்ளே கறுத்திருந்தால் அதுவும் வேண்டாம்; பைன் வேரில் ஒட்டி வாழும் நச்சு உருண்டை ஒன்றும் அந்த 1993 பட்டியலில் இருக்கிறது.

பையன் அந்தக் கிண்ணத்தைக் குப்பையில் கொட்டினான். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் வெட்டின பாதியைக் காட்டினான். அவர் நம்பவில்லையாம். “நாங்க எத்தன தடவ வச்சிருக்கோம், ஒண்ணும் ஆகலியே” என்றாராம். முன்பு சமைத்தவை உண்மையான உருண்டைக் காளானாக இருந்திருக்கலாம். இரண்டும் கலந்து கிடைத்த கிண்ணமாகவும் இருக்கலாம். “எல்லாத்தையும் வெட்டிப் பாருங்கன்னு மட்டும் சொல்லு, வேற எதும் வாதாட வேண்டாம்” என்றேன். மறுநாள் அந்த அம்மாளே வெட்டிப் பார்த்துவிட்டு, ஏழெட்டு உருண்டையில் ஆரஞ்சுக் கோடு இருந்தது என்று சொல்லி அனுப்பினார். என் மனது அப்போதுதான் அடங்கியது.

மஸ்காரியா சாப்பிட்டவர்கள் சாவது அபூர்வம். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலை சுற்றும், குடித்தவர் மாதிரித் தள்ளாடுவார்கள், வாந்தி வரும், உளறல் வரும், பிறகு அடித்துப்போட்டது போலத் தூக்கம். பெரியவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தைரியத்தைச் சொல்ல முடியுமா? வேதத்தில் வரும் சோமபானம் இந்தக் காளானின் சாறுதான் என்று 1968-ல் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அவர் வாதம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் இதைச் சாப்பிட்டால் தேவலோகம் தெரியும் என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

மஸ்காரியாவுக்கு ஒரு தங்கை உண்டு. அமனிடா ஃபல்லாய்ட்ஸ். கொல்வது இதுதான். பளிச்சென்ற நிறம் இல்லை. ஆலிவ் பச்சை கலந்த மங்கல், சில சமயம் கிட்டத்தட்ட வெள்ளை. பார்த்தால் ஒரு பாவமும் அறியாத காளான். நல்ல ருசியாக இருந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதிலுள்ள அமனிடின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. மிகவும் மோசமானது அதன் நேரக் கணக்கு. சாப்பிட்டு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், சில நேரம் அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அது ஒரு நாளில் அடங்கி, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டில் எல்லோரும் கண்டம் தப்பியது என்று நினைப்பார்கள். அந்த நேரம் முழுக்க ஈரல் அழுகிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் மஞ்சள் காமாலை மாதிரி வந்து ஆளைச் சாய்க்கும்.

2020 ஏப்ரலில் மேகாலயாவில் வங்கதேச எல்லையை ஒட்டிய லாமின் என்ற கிராமத்தில் காட்டுக் காளான் சாப்பிட்ட 6 பேர் இறந்தார்கள். இந்த ஃபல்லாய்ட்ஸ்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் 13 பேர். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தும் பிழைக்கவில்லை. மழை தொடங்கும் மாதம், கையில் காசில்லாத வீடு, தோட்டத்து ஓரத்தில் இலவசமாக முளைத்த கறி. இவர்களைப் படிக்காதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தாய் சொல்லிக்கொடுத்த ஒரு காளான் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதே மாதிரி இன்னொன்று பக்கத்தில் முளைப்பதுதான் தெரியாது.

பெரிய சமையல்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2012 புத்தாண்டை ஒட்டி ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு உணவகச் சமையல்காரர் அந்த ஊரில் முளைத்த காளானைச் சமைத்தார். சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். அவரும் அதில் ஒருவர். சீனாவில் எல்லா வீட்டிலும் சாப்பிடுகிற வைக்கோல் காளான் என்று எண்ணிவிட்டார். வைக்கோல் காளானும் முட்டை உறையிலிருந்துதான் வெளிவரும். அடியில் கிண்ணம் போல உறை மிச்சம் இருக்கும். ஃபல்லாய்ட்ஸுக்கும் அதே கிண்ணம். இரண்டையும் பிரிப்பது வித்துத்தூள். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, அமனிடாவுக்கு வெள்ளை.

வித்துத்தூள் பார்ப்பது எளிது. என் வகுப்பில் பிள்ளைகளோடு பலமுறை செய்திருக்கிறேன். தொப்பியை மட்டும் தண்டிலிருந்து நறுக்கி, இதழ் கீழே இருக்குமாறு ஒரு தாளில் கவிழ்த்து வையுங்கள். தாளில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருந்தால் நல்லது. வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது. மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தொப்பியைத் தூக்கினால் கோலம் போட்டது போல இதழ் இதழாகத் தூள் விழுந்திருக்கும். பட்டன் காளானின் சொந்தக்காரக் காட்டுக் காளானுக்கு சாக்லேட் நிறம். மழைக்குப் பிறகு நம் விளையில் புல்லுக்கு நடுவே வெள்ளைக் குடை மாதிரி நிற்கும் பெரிய காளான் ஒன்றுக்குப் பச்சைத் தூள். ஆமாம், பச்சை. குளோரோபில்லம் என்று பெயர். இதைச் சமைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடலே வெளியே வருவது போல வாந்தி எடுக்கும். இளசாக இருக்கும்போது இதழும் வெள்ளை, தண்டும் வெள்ளை, எல்லாம் வெள்ளை. தூளை விட்டால் ஆரம்பத்தில் வேறு துப்பில்லை.

சிவப்பில் இன்னொரு இனம் உண்டு, ருசுலா. மழையில் புள்ளி கழுவிப்போன மஸ்காரியாவும் ருசுலாவும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ருசுலாவின் தண்டை ஒடித்தால் சாக்பீஸ் மாதிரி டக்கென்று ஒடியும், நார் இழுக்காது. தண்டில் பாவாடை கிடையாது, அடியில் குமிழ் கிடையாது. ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஒரு சோதனையைச் சொல்லித்தரவே வேண்டாம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நாம் காளான் என்று எழுதுவோம். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டில் கூண் என்று பேசுவோம். சங்க காலத்தில் ஆம்பி, காளாம்பி. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வறுமையைச் சொல்லும்போது, கரையான் அரித்த பழஞ்சுவர் மண்ணில் அவன் அடுக்களையில் காளான் முளைத்திருந்ததாக நத்தத்தனார் பாடுகிறார். புறநானூற்றில் பெருந்தலைச்சாத்தனாரும் சமைத்தே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்ததைக் குமணனிடம் சொல்கிறார். இரண்டிலும் காளான் என்பது பட்டினியின் அடையாளம். கரையான் இருந்த இடத்தில் காளான் என்று அந்தப் புலவர் சேர்த்துச் சொன்னதை நான் வகுப்பில் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். கண்ணால் பார்த்தவர்தான் அப்படி எழுதுவார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மண்டைக்காட்டு அம்மனே புற்றுதான்; 15 அடி உயரம் இருக்கும். அதனாலோ என்னவோ, சின்ன வயதில் எங்கள் விளையில் புற்றை இடிக்க யாருக்கும் கை வராது. ஆனால் இடவப்பாதி மழையில் இடி இடித்த மறுநாள் விடியற்காலம் அம்மை பெட்டியோடு புற்றடிக்குப் போவாள். நானும் பின்னால் ஓடுவேன். வெள்ளைக் குடை, நடுவில் சாம்பல் நிறத்தில் கூரான மூக்கு. அம்மை அதைப் பறிக்க மாட்டாள், உருவுவாள். இரண்டு விரலால் தண்டின் அடியைப் பிடித்து மெதுவாக ஆட்டி ஆட்டி இழுப்பாள். முழம் நீளத்துக்கு வேர் மாதிரி ஒரு வால் மண்ணுக்குள்ளிருந்து வரும். வால் வராமல் பட்டென்று கையோடு வந்துவிட்டால் அதை அங்கேயே போட்டுவிடுவாள். அடியில் பை மாதிரி ஏதாவது இருந்தாலும் போட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டால், “இது நம்ம கூண் இல்லட்டி” என்பாள். அவ்வளவுதான் விளக்கம்.

பின்னாளில் படித்தபோதுதான் அந்த வால் எங்கே போகிறது என்று தெரிந்தது. கரையான் சருகையும் மரத்துண்டையும் தின்று புற்றுக்குள்ளே தேனடை மாதிரி ஒரு பஞ்சணை கட்டி, அதில் காளானைப் பயிர் செய்கிறது. தன்னால் செரிக்க முடியாததைக் காளானைக்கொண்டு செரிக்க வைத்துத் தின்கிறது. மழை வந்ததும் அந்தப் பயிர் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. அந்தக் கூரான மூக்கு மண்ணைத் துளைக்கிற ஆணி. வாலின் மறுமுனை கரையானின் வயலில் இருக்கிறது. இலங்கையில் பேராதனைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெட்ச் என்ற ஆங்கிலேயர் 1906-லேயே கரையான் புற்றுக் காளானைப் பற்றி விரிவாக எழுதினார். ஹைம் என்ற பிரெஞ்சுக்காரர் 1942-ல் இந்த இனத்துக்கு டெர்மிடோமைசஸ் என்று பெயர் வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. நடராஜன் 1979-ல் நம் பக்கத்துப் புற்றுக் காளான் ஒன்றைப் புதிய வகை என்று விவரித்து, அந்தப் பிரெஞ்சுக்காரரின் நினைவாக டெர்மிடோமைசஸ் ஹைமி என்று பெயரிட்டார். நீலகிரிப் பைன் வேர்க் கட்டுரைகளை எழுதிய மூவரில் இருக்கும் நடராஜன் இவரேதான்.

அம்மைக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. ஆனால் இடம், வேர், அடி, மூக்கு என்று நாலும் பார்த்தாள். நிறத்தை அவள் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வறுத்தரைத்த தேங்காயில் தீயல், மிச்சத்தில் துவரன், கூட மரச்சீனிக் கிழங்கு. தெருவே மணக்கும். அதை எழுதினால் பதிவு இன்னும் நீளும்.

அவள் ஒருநாளும் செய்யாத சோதனைகள்தான் இப்போது வாட்ஸப்பில் சுற்றுகின்றன. வெள்ளிக் காசு போட்டுக் கறுத்தால் விஷம். பூண்டு போட்டு நிறம் மாறினால் விஷம். மஞ்சள் தூள் போட்டால் விஷம் முறியும். பூச்சி கடித்திருந்தால் நல்லது. தொப்பித் தோல் உரிந்தால் நல்லது. பளிச்சென்று இருந்தால் விஷம், வெள்ளை என்றால் நல்லது. ஒன்றுகூட உண்மையில்லை. அமனிடின் வெள்ளியைக் கறுக்க வைக்காது. நத்தை தின்றுவிட்டுச் சுகமாகப் போகும் காளான் மனிதனின் ஈரலைத் தின்றுவிடும். கடைசியாகச் சொன்ன அந்த நிறச் சோதனைதான் ஊட்டி லைன்வீட்டுக்காரர்களைச் சிவப்பை விட்டுவிட்டு வெள்ளையைப் பொறுக்க வைத்தது.

நம் மாவட்டத்திலும் நிறத்துக்குக் குறைவில்லை. மழை பிடித்தால் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். விழுந்து கிடக்கும் ரப்பர்த் தடியில் செங்கல் நிறத்தில் விசிறி விசிறியாக ஒன்று. கட்டை மாதிரி இருக்கும், கடித்தால் பல் போகும். உளுத்த சுள்ளியில் சின்னச் சிரட்டை மாதிரி இளஞ்சிவப்புக் கிண்ணம். மழைத்துளி அதில் தங்கி நிற்கும். மஞ்சள் காலோடு, வரி வரியான காப்பி நிறப் புனல் ஒன்று. வெள்ளை வலைப் பாவாடை கட்டிய ஒன்று, நாற்றத்துக்கு ஈ மொய்க்கும். வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் முளைப்பதும் ஒன்று உண்டு, அதையும் சாப்பிடக் கூடாது. 2023-ல் குலசேகரம் வனச்சரகத்தில் இரவில் பச்சையாக ஒளிரும் காளானைக் கண்டறிந்த செய்தி வந்ததே, நினைவிருக்கும், ஃபிலோபோலீட்டஸ். பகலில் பார்த்தால் சோகை பிடித்த வெள்ளை. இவை எல்லாம் பார்க்கவும் படம் பிடிக்கவும் போதும்.

சாப்பிட ஆசை என்றால் சந்தையில் சிப்பிக் காளான், பால் காளான், மொட்டுக் காளான் எல்லாம் கிடைக்கிறது. தீயலுக்குப் பால் காளான் நன்றாகவே சேரும். புற்றுக் கூண் ருசி வராதுதான், என்ன செய்ய.

இதைப் படித்துவிட்டுப் படம் அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து யாராலும் பெயர் சொல்ல முடியாது, செயலியாலும் முடியாது. மேலிருந்து ஒன்று, அடியில் இதழ் தெரியும்படி ஒன்று, கத்தியால் மண்ணோடு தோண்டி அடிப்பகுதி முழுதாகத் தெரியும்படி ஒன்று, இரண்டாக வெட்டின முகம் ஒன்று, பக்கத்தில் நிற்கும் மரம் ஒன்று. அளவு தெரிய ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வையுங்கள். ராத்திரி தூள் எடுத்து அதையும் அனுப்பினால் இன்னும் நல்லது. எனக்குப் புரியாததைத் தெரிந்தவர்களுக்கு அனுப்புவேன். நமக்குப் பக்கத்திலேயே பாலோட்டில் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் இருக்கிறது. கேரளக் காளான்களை வருடக்கணக்காகப் பதிந்துவரும் ஆய்வாளர்கள் அங்கே இருக்கிறார்கள்.

யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சமைக்காமல் மிச்சம் கிடக்கும் காளானை ஒரு காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும். சாப்பிட்ட நேரத்தையும் முதல் வாந்தி வந்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

“சாப்பிடலாமா டீச்சர்” என்று மட்டும் கேட்டு யாரும் படம் அனுப்ப வேண்டாம். பெயர் கேளுங்கள், சொல்கிறேன்.